வை-ஃபை வரவில்லை என்றால் ஃபார்மட்டா?

கல்லூரி இருக்கும் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே பத்துக்குப் பத்து அறையில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை இருக்கும். அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த உரையாடல் காதில் விழாமல் போகாது.

"அண்ணா, வை-ஃபை கனெக்ட் ஆக மாட்டேங்குது."

"எத்தனை நாளா?"

"நேத்திலேர்ந்துதான்."

"ஓஎஸ் கரப்ட் ஆயிருக்கும் தம்பி. ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும். வச்சுட்டுப் போ, சாயங்காலம் வா."

சாயங்காலம் போய் வாங்கிப் பார்த்தால் வை-ஃபை நன்றாகவே வேலை செய்யும். கூடவே டெஸ்க்டாப்பில் வைத்திருந்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும், மூன்று வருடமாகச் சேர்த்த நோட்ஸும், அக்கா கல்யாண போட்டோக்களும் காணாமல் போயிருக்கும். கேட்டால், "பேக்கப் வேணும்னு நீ சொல்லவே இல்லையேப்பா" என்று பதில் வரும். அதுவும் நியாயம்தான். வை-ஃபை வரவில்லை என்று போனவனுக்கு, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையே கொளுத்துவார்கள் என்று எப்படித் தெரியும்?

இதைக் கடைக்காரரின் பித்தலாட்டம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். ஆனால் விஷயம் அவ்வளவு எளிதல்ல. ஃபார்மட் போட்டால் வை-ஃபை பல நேரம் உண்மையாகவே சரியாகிவிடுகிறது. ஏன் என்றால் பழைய கடவுச்சொல், கெட்டுப்போன டிரைவர், யாரோ எப்போதோ மாற்றிவைத்த செட்டிங், அரைகுறையாக நீக்கப்பட்ட விபிஎன் என எல்லாமே அதில் அழிந்துபோகிறது. எது காரணம் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்ததில் காரணமும் சேர்ந்து அழிந்தது, அவ்வளவுதான். "பார்த்தியா, ஓஎஸ் பிராப்ளம்தான்" என்ற முடிவு மட்டும் மிச்சமாகிறது. அடுத்த ஆளுக்கும் அதே மருந்து.

1970ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குக் காரின் கோளாறு தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஒரு வித்தியாசமே ஒரு சந்தையைக் கெடுக்கப் போதும் என்பதுதான் அதன் சாரம். 2001ல் இன்னும் இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. லேப்டாப் சர்வீஸ் கடையில் நிலைமை இதைவிட ஒரு படி வேடிக்கை. கோளாறு என்னவென்று வாடிக்கையாளருக்கும் தெரியாது, பல நேரம் கடைக்காரருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் லேப்டாப்தான். அது வாயைத் திறப்பதில்லை!

"இந்த நெட்வொர்க்குடன் இணைக்க முடியவில்லை." இதுதான் வின்டோஸ் சொல்லும் வாக்கியம். முடியவில்லை என்பது எதிரே உட்கார்ந்திருப்பவருக்கே தெரிகிறதே, ஏன் முடியவில்லை என்பதல்லவா கேள்வி?

ஒரு லேப்டாப் வை-ஃபையில் இணைவது ஒரே செயல் அல்ல. ரேஷன் கடைக்குப் போவது மாதிரி அதில் பல படிகள் உண்டு. முதலில் கடை கண்ணில் பட வேண்டும். பிறகு கார்டு செல்ல வேண்டும். பிறகு டோக்கன் நம்பர் கிடைக்க வேண்டும். டோக்கன் கிடைத்தாலும் உள்ளே சரக்கு இருக்க வேண்டும். இதில் எந்தப் படியில் தடுக்கினாலும் வீட்டில் "அரிசி வரவில்லை" என்ற ஒரே வார்த்தைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதே வை-ஃபையில் போனை இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். (டேட்டாவை அணைக்க மறந்தால் சோதனையே வீண், போன் சத்தமில்லாமல் சிம் வழியாகப் பக்கத்தைக் கொண்டுவந்துவிடும்.) போனிலும் வரவில்லை என்றால் பெரும்பாலும் லேப்டாப் நிரபராதி. குற்றவாளி ரவுட்டராகவோ, தெருவில் யாரோ தோண்டி அறுத்த ஃபைபராகவோ இருக்கும். இதைப் பார்க்காமல் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள் நிறையப் பேர்.

போனில் வருகிறது, லேப்டாப்பில் இல்லை என்றால் அடுத்து நெட்வொர்க் பட்டியலைப் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்து வீட்டுப் பெயர்கள் உட்பட எதுவுமே தெரியவில்லையா? ரேடியோவே அணைந்திருக்கிறது, அல்லது டிரைவர் இல்லை, அல்லது கார்டே போய்விட்டது. இதில் முதலாவதுதான் சர்வசாதாரணம். பழைய லேப்டாப்களில் முன் விளிம்பில் ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கும், பையில் வைத்து எடுக்கும்போது நகர்ந்துவிடும். புதியவற்றில் விமானப் படம் போட்ட பொத்தான். கீபோர்டைத் துடைக்கும்போது கை பட்டால் போதும். இந்தப் பொத்தானுக்காக ஃபார்மட் ஆன லேப்டாப்களைக் கணக்கெடுத்தால் மனசு தாங்காது.

எல்லாப் பெயரும் தெரிகிறது, சொந்த வீட்டுப் பெயர் மட்டும் தெரியவில்லை என்றால் அது வேறு கதை, கொஞ்சம் சுவாரசியமான கதையும்கூட. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இந்தியாவில் 13 சேனல்கள் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் வழக்கமாக 11 மட்டுமே. அமெரிக்க அமைப்போடு வரும் சில லேப்டாப் கார்டுகள் 12, 13 ஆகிய சேனல்களை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ரவுட்டர் நேற்று இரவு தானாகவே 13க்கு மாறியிருந்தால் போனில் தெரியும், அந்த லேப்டாப்பில் தெரியாது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று அந்தப் பையன் சொன்னது முழு உண்மை. ரவுட்டரில் சேனலை 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றாக மாற்றினால் தீர்ந்தது. லேப்டாப்பைத் தொடவே வேண்டாம்.

இதன் தம்பி ஒருவன் உண்டு. ரவுட்டர் மாட்ட வருகிறவர் பெயருக்குப் பின்னால் '5ஜி' என்று சேர்த்து இன்னொரு வை-ஃபை வைத்துவிட்டுப் போவார். அது செல்போன் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ். விலை குறைந்த பழைய லேப்டாப்கள் பலவற்றின் கார்டுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அதற்கு 5 என்ற ஒன்று உலகத்திலேயே இல்லை. வேகம் அதிகம் என்று 2.4ஐ அணைத்துவிட்ட வீட்டில் அந்த லேப்டாப் அநாதை.

பெயர் தெரிகிறது, கடவுச்சொல் கேட்கும் இடத்தில் நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் ரவுட்டர் கடவுச்சொல்லை யாரோ மாற்றியிருப்பார்கள். லேப்டாப் பழையதையே நினைவில் வைத்துக்கொண்டு முட்டிக்கொண்டிருக்கும். பெயரை அழுத்தி 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் முடிந்தது. அப்படியும் ஆகவில்லை என்றால் ரவுட்டரில் பாதுகாப்பு 'டபிள்யூபிஏ3' மட்டும் என்று இருக்கிறதா பார்க்கலாம். 2018ல் வந்த முறை அது, அதற்கு முந்தைய கார்டுகள் பலவற்றுக்குப் புரியாது.

டோக்கன் நம்பர் விஷயம் சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடியது. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி எண் தரும். அது வராதபோது வின்டோஸ் தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு எண்ணைச் சூட்டிக்கொள்ளும். நெட்வொர்க் விவரத்தில் அந்த எண் தெரிந்தால், லேப்டாப் கடை வாசல் வரை போய்விட்டது, டோக்கன் மட்டும் வரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ரவுட்டரை அணைத்துப் போட்டாலே சரியாகும்.

இதற்குப் பிறகு வருவது இருக்கிறதே, அதுதான் ஆட்களை அதிகம் குழப்புவது. வை-ஃபை இணைந்துவிட்டது, ஆனால் 'நோ இன்டர்நெட்' என்று காட்டுகிறது. வின்டோஸ் இதை எப்படி முடிவு செய்கிறது என்று தெரிந்தால் சிரிப்பு வரும். மைக்ரோசாஃப்ட் சர்வர் ஒன்றில் 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்ற மூன்றே வார்த்தை கொண்ட ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. வின்டோஸ் அதைக் கேட்டுப் பார்க்கும். வந்தால் இன்டர்நெட் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. அந்தக் கோப்பு மட்டும் ஏதோ காரணத்தால் வராமல் போனால், மற்றதெல்லாம் திறந்தாலும் 'இல்லை' என்றே காட்டிக்கொண்டிருக்கும். 2020ல் வின்டோஸ் 10ன் ஒரு பதிப்பில் இந்தச் சோதனையே பிசகி, நன்றாக இணைந்திருந்தவர்களுக்கும் இன்டர்நெட் இல்லை என்று காட்டியது. ஆகவே அந்த ஐகானை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல் ஒரு பக்கத்தைத் திறந்து பார்ப்பது நல்லது.

பக்கமும் திறக்காமல் "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று சிவப்பாக மிரட்டினால் வலது மூலையில் தேதியைப் பார்க்க வேண்டும். மதர்போர்டின் சின்ன பேட்டரி தீர்ந்த பழைய லேப்டாப்கள் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பழைய வருடத்தில் கண் விழிக்கும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் நினைத்துக் கதவைச் சாத்திவிடும். தேதியை மாற்றினால் எல்லாம் திறக்கும். பேட்டரிக்கு ஆகும் செலவு இரண்டு டீ, இரண்டு வடை அளவுதான்.

இன்னொன்று, நிறையப் பேருக்குத் தெரியாதது. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், அப்பவும் வரல" என்பார்கள். வின்டோஸ் 8லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட்டவுன் கொடுத்தால் ஓஎஸ்ஸின் உள்பகுதியும் டிரைவர்களும் அப்படியே டிஸ்கில் உறங்கவைக்கப்பட்டு, ஆன் செய்ததும் அதே நிலையில் எழுப்பப்படுகின்றன. குழம்பிப்போன வை-ஃபை டிரைவர் குழப்பத்தோடே எழுந்து உட்காரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஷட்டவுனைவிட ரீஸ்டார்ட்தான் முழுக் குளியல் என்பது பேரைப் பார்த்தால் யாருக்குத் தோன்றும்?

இவ்வளவும் செய்து ஒன்றும் ஆகவில்லை, டிரைவர்தான் கெட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கும் ஃபார்மட் வேண்டாம். வின்டோஸ் 10ல் 2016லிருந்தே 'நெட்வொர்க் ரீசெட்' என்ற பொத்தான் செட்டிங்ஸில் இருக்கிறது, 11லும் இருக்கிறது. நெட்வொர்க் கார்டுகளை நீக்கி, மறுபடி நிறுவி, அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ரீஸ்டார்ட் செய்துவிடும். வை-ஃபை கடவுச்சொல்லை மறுபடி கேட்கலாம், விபிஎன் இருந்தால் அதைத் திரும்ப நிறுவ வேண்டியிருக்கும். போட்டோவையோ ப்ராஜெக்டையோ தொடாது. ஃபார்மட் செய்கிற வேலையில் வை-ஃபைக்குத் தேவையான பகுதி மட்டும் இது.

கார்டே செத்துப்போன லேப்டாப்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. ரவுட்டருக்குப் பக்கத்தில் மட்டும் இழுத்து அடுத்த அறையில் விட்டுவிட்டால், திரையின் கீல் வழியாகப் போகும் ஆன்டெனா வயர் மேல் சந்தேகப்படலாம். இவற்றுக்கும் ஃபார்மட் மருந்தல்ல என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஃபார்மட் போட்டு, தகவல் எல்லாம் போய், அதற்குக் காசும் கொடுத்த பிறகு "போர்டு போயிருச்சு போலிருக்கு தம்பி" என்று கேட்க வேண்டியிருக்கும். யூஎஸ்பியில் செருகும் வை-ஃபை அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது!

இத்தனை படிகளில் எங்கே தடுக்கியது என்பது லேப்டாப்புக்குத் துல்லியமாகத் தெரியும் என்பதுதான் எரிச்சலூட்டும் செய்தி. வின்டோஸ் 10லிருந்து 'டபிள்யூலேன் ரிப்போர்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் கொடுத்தால், கடந்த மூன்று நாளில் எப்போது இணைந்தது, எப்போது அறுந்தது, என்ன காரணம் என்று படம் போட்டு ஒரு பக்கமே தயாரித்துக் கொடுக்கும். அதாவது டைரி எழுதி வைத்துக்கொண்டேதான் "முடியவில்லை" என்று ஒற்றை வரியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

விவரம் சொன்னால் சாதாரண ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. அப்படியா? பெட்டிக்கடையில் யூபிஐ மூலம் 20 ரூபாய் அனுப்பும்போது தவறினால், பின் தவறா, கணக்கில் பணம் இல்லையா, இன்றைய வரம்பு தாண்டிவிட்டதா, வங்கிப் பக்கம் கோளாறா என்று தனித்தனியாகவே சொல்கிறது. பூக்கார அம்மாவும் அதைப் படித்துப் புரிந்துகொண்டு, "பேங்க் சர்வர் படுத்திருச்சு கண்ணு, கொஞ்ச நேரம் கழிச்சுப் போடு" என்கிறார். யாரும் பயப்படவில்லை. 'கடவுச்சொல் மாறியிருக்கிறது', 'ரவுட்டர் ஐபி எண் தரவில்லை', 'தேதி தவறாக இருக்கிறது' என்று தமிழிலேயே மூன்று வரி சொல்ல ஒரு ஓஎஸ்ஸுக்கு என்ன கஷ்டம்? சொல்லாததால் வரும் செலவு அதைத் தயாரித்தவர் கணக்கில் ஏறுவதில்லை, வாங்கியவர் கணக்கில் ஏறுகிறது. அதனால்தான் அவசரமும் இல்லை.

வயர் இருந்த காலத்தில் இது இவ்வளவு பெரிய சங்கடமாக இல்லை. 1999ல் நியூயார்க்கில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபுக்கை அறிமுகம் செய்தபோது, வயர் இல்லை என்று காட்ட அதைச் சுற்றி ஒரு ஹுலா வளையத்தை நுழைத்துக் காட்டினார். கைதட்டல் பறந்தது. அப்போதும் பக்கவாட்டில் வயர் செருகும் ஓட்டை இருந்தது. 2008ல் வந்த மேக்புக் ஏரில் அதுவும் இல்லை. பிறகு மெல்லிய லேப்டாப் பலவும் அந்த வழியில் போய்விட்டன. வின்டோஸ் 11 இன்னும் ஒரு படி மேலே போய், ஹோம் பதிப்பை நிறுவும்போதே இன்டர்நெட் கேட்டது. வை-ஃபை டிரைவர் இல்லாமல் இன்டர்நெட் வராது, இன்டர்நெட் இல்லாமல் டிரைவர் வராது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

சர்வீஸ் கடைக்கு வருவோம். கடைக்காரர் பத்து நிமிடம் யோசித்து, "பொத்தான் ஆஃப்ல இருக்கு தம்பி" என்று சொல்லி ஒரு தட்டு தட்டினால் யாராவது காசு கொடுக்கிறார்களா? "இதுக்குப் போய் காசா" என்று சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள். ஃபார்மட்டுக்கு மட்டும் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள். கண்டுபிடித்ததற்குக் கூலி இல்லை, அழித்ததற்குக் கூலி உண்டு என்றால் எந்தக் கடையும் எதை விற்கும்? டாக்டர் ஊசி போடாவிட்டாலும் ஃபீஸ் வாங்குவது போல, பார்ப்பதற்கு ஒரு தொகை என்று கடையில் எழுதிப் போடலாம். அதைக் கொடுப்பதற்கு வாடிக்கையாளரும் பழக வேண்டும். ஃபார்மட் என்ற வார்த்தை வந்தால், "எந்தக் காரணத்துக்காக? நெட்வொர்க் ரீசெட் போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியிலேயே பேச்சின் தோரணை மாறிவிடும்.

கல்லூரிகளும் கொஞ்சம் யோசிக்கலாம். பி.காம் சி.ஏ. படிக்கும் பிள்ளைகள் நெட்வொர்க் பாடத்தில் ஏழு அடுக்குகளின் பெயரை வரிசையாக, படத்தோடு, பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு வருகிறார்கள். எங்கே கோளாறு என்று பிரித்துப் பார்க்கவும் அந்த ஏழு அடுக்கு வசதியானதுதான். வீட்டில் வை-ஃபை போனால் அதே பிள்ளை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறது. லேபில் ஒரு நாள் வேண்டுமென்றே ரவுட்டரைக் கெடுத்துவைத்து 'கண்டுபிடி' என்று விட்டால் போதுமே.

ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், இரவு பதினோரு மணி, கடையும் சாத்தியாகிவிட்டது, மேலே சொன்ன எதற்கும் நேரமில்லை என்றால்: போனின் சார்ஜர் கேபிளையே லேப்டாப்பில் செருகி, போன் செட்டிங்ஸில் 'யூஎஸ்பி டெதரிங்'கை ஆன் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டு போன் என்றால் பெரும்பாலும் தனி டிரைவர் எதுவும் கேட்காது. கேபிள் மட்டும் சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும் மட்ட ரகமாக இல்லாமல் தகவலும் கடத்துவதாக இருக்க வேண்டும். ஹாஸ்டல் என்றால் பக்கத்து அறையில் ஒன்று இருக்கும்.